ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரை அழைக்க வேண்டுமானால்: லினக்ஸ் கெர்னலில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு கணினிப் பலகையை எடுத்துக்கொள்வோம். மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் சிப் ஒன்றும், பேட்டரியில் எஞ்சியுள்ள மின்னளவையும் அதன் வெப்பநிலையையும் அளந்து சொல்லும் ஃப்யூல் கேஜ் சிப் ஒன்றும் சிப்களை இணைக்கும் தடமான ஐ2சி பஸ் ஒன்றிலேயே இணைக்கப்பட்டுள்ளன. லினக்ஸில் இரண்டுக்கும் தனித்தனி டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்கள், உள்ளன. பேட்டரி 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும். வெப்பநிலை தெரிந்திருப்பது ஒரு டிரைவருக்கு. மின்னோட்டத்தைக் குறைக்க முடிவது மற்றொன்றால். ஆகவே சார்ஜர் டிரைவர் ஃப்யூல் கேஜ் டிரைவரின் செயற்கூறு ஒன்றை எப்படியாவது அழைத்தாக வேண்டும். இதற்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் பல வழிகள் இருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அழைப்பது கடினமன்று. கெர்னலும், ஓடும்போதே அதில் ஏற்றவும் நீக்கவும் கூடிய நிரல் துண்டுகளான எல்லா மாட்யூல்களும் ஒரே முகவரி வெளியில் இயங்குகின்றன. முகவரி கிடைத்துவிட்டால் எந்தச் செயற்கூற்றையும் எவரும் அழைக்கலாம், இடையே தடுப்பு ஏதும் இல்லை. கடினமானது வேறு. அழைக்கும் அந்தக் கணத்தில் மறுமுனையின் நிரல் நினைவகத்தில் இருக்கிறதா, நிரல் இருந்தாலும் அது இயக்கும் சாதனம் இன்னும் அதனுடன் பிணைந்திருக்கிறதா, பலகை உறக்க நிலைக்குச் செல்லும்போது இரண்டில் எது முதலில் அணைகிறது என்பவற்றுக்கு யாரேனும் பொறுப்பேற்றாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஒவ்வொரு வழியும் யாரிடம் ஒப்படைக்கிறது என்பதை வைத்து வழிகளை எடைபோட்டால், மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றுபவை வெகுதூரம் விலகி நிற்பது தெரியவரும்.

பெரும்பாலோர் முதலில் எடுப்பது நேரடி வழி. ஃப்யூல் கேஜ் டிரைவரில் வெப்பநிலையைப் படிக்கும் செயற்கூற்றை எக்ஸ்போர்ட்_சிம்பல்_ஜிபிஎல் என்னும் மேக்ரோவால் வெளியே திறந்துவிட்டு, அதன் அறிவிப்பை ஒரு ஹெடர் கோப்பில் வைத்து, சார்ஜர் டிரைவரிலிருந்து அழைத்துவிடுவது. இதில் உண்மையான நன்மைகள் உண்டு. அளபுருக்களின் வகை சரியா என்பதை கம்பைலரே பார்த்துக்கொள்ளும். டெப்மாட் நிரல் இந்தச் சார்பைக் குறித்துக்கொள்வதால், மாட்புரோப் வழியாகச் சார்ஜர் மாட்யூலை ஏற்றும்போது ஃப்யூல் கேஜ் மாட்யூல் தானாகவே முன்னதாக ஏறிவிடும். சார்புகளைப் பார்க்காத இன்ஸ்மாட் கொண்டு ஏற்றினால் மட்டும் தெரியாத சிம்பல் என்ற பிழை வரும். சார்ஜர் மாட்யூல் இருக்கும்வரை ஃப்யூல் கேஜ் மாட்யூலை நீக்கக் கெர்னல் அனுமதிக்காது. ஆகவே நிரல் நினைவகத்தில் இருக்கும் என்பது உறுதி.

ஆனால் உறுதி அவ்வளவுதான். கெர்னல் எண்ணி வைத்திருப்பது மாட்யூலின் பயன்பாட்டை. சாதனத்தின் பயன்பாட்டை அன்று. ரூட் உரிமை உள்ள ஒருவர், சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவரின் அன்பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதினால் போதும்: மாட்யூல் அப்படியே இருக்க, சாதனம் மட்டும் டிரைவரிடமிருந்து பிரிந்துவிடும். டெவ்எம் வகைச் செயற்கூறுகளால் ஒதுக்கப்பட்ட நினைவகம் அனைத்தும் அப்போதே விடுவிக்கப்படும். அந்த நினைவகத்தைச் சுட்டும் பாயின்டர் ஒன்றைச் சார்ஜர் டிரைவர் இன்னமும் கையில் வைத்திருந்தால், அடுத்த அழைப்பு விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். பிணைப்பு நிகழ்வதற்கு முன்பும் இதே நிலைமைதான்: மாட்யூல் ஏறிவிட்டது என்பதற்காகச் சாதனம் கண்டறியப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. சப்ரஸ்_பைண்ட்_ஆட்ரிபியூட்ஸ் என்ற கொடியை ஏற்றி அன்பைண்ட் கோப்பையே மறைத்துவிடலாம் என்று சிலர் வாதிடுவர். அது சிஸ்எஃப்எஸ் என்னும் ஒரு வாயிலை மட்டுமே அடைக்கும்; தாய்ச் சாதனமான ஐ2சி கட்டுப்படுத்தியே நீக்கப்பட்டால் அதன் கீழுள்ளவையும் உடன் பிரிந்துவிடும்.

நேரடி வழியின் இன்னொரு தொல்லை, கெர்னலில் எவை கட்டப்பட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கேகான்ஃபிக்கில் தலைகாட்டும். சார்ஜர் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டு, ஃப்யூல் கேஜ் டிரைவர் மாட்யூலாக இருந்தால், கெர்னலை இணைக்கும் கட்டத்திலேயே லிங்கர் தோற்கும். ஃப்யூல் கேஜ் விருப்பத் தேர்வாக மட்டும் இருக்க வேண்டுமானால், “அது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஆனால் அது மாட்யூலானால் நானும் மாட்யூலாகவே இருப்பேன்” என்னும் பொருள்படும் விசித்திரமான சார்பு வரியை எழுத வேண்டும், கெர்னல் மூலநிரலில் இந்த வரியைப் பல இடங்களில் காணலாம், புதிதாகப் பார்ப்பவர் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். இரு டிரைவர்களும் ஒன்றையொன்று நேரடியாக அழைக்கத் தொடங்கினால் நிலைமை மேலும் மோசம்: டெப்மாட் சுழற்சி கண்டறியப்பட்டது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இவ்வளவு சொன்னபின்னும், நேரடி எக்ஸ்போர்ட் முற்றிலும் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பிஎம்பி280 என்னும் காற்றழுத்த உணரியின் டிரைவர் மூன்று துண்டுகளாக இருக்கிறது: பொதுவான மையம், ஐ2சி முகப்பு, இன்னொரு வகை பஸ்ஸான எஸ்பிஐக்கான முகப்பு. முகப்புகள், சாதனத்தைத் தயார்செய்து டிரைவரோடு பிணைக்கும் புரோப் செயற்கூற்றை மையத்திலிருந்து அழைக்கின்றன. அவ்வாறு அழைக்கும்போது தம்முடைய சாதனத்தையே அளபுருவாகக் கொடுக்கின்றன. இரண்டாவது சாதனம் என்ற ஒன்றே இக்கதையில் இல்லை. மையம் ஒரு நூலகம் போன்றது, அதற்குத் தேவைப்படுவது நிரல் நினைவகத்தில் இருக்கும் என்ற உறுதி மட்டுமே. நேரடி எக்ஸ்போர்ட் தருவதும் அதையே. 5.4 பதிப்பில், அதாவது 2019இல், வந்த சிம்பல் நேம்ஸ்பேஸ் வசதி இத்தகைய இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும்: வெளியே திறக்கப்பட்ட பெயர்களை ஒரு குழுப்பெயரின் கீழ் அடைத்துவைத்தால், அக்குழுப்பெயரை வெளிப்படையாக இறக்குமதி செய்யும் மாட்யூல் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். நமது சார்ஜருக்கு இது உதவாது. அங்கே இரண்டு சாதனங்கள், இரண்டு ஆயுட்காலங்கள்.

விருப்பத் தேர்வான சார்பைக் கையாள சிம்பல்_கெட் என்னும் மேக்ரோவும் இருக்கிறது. பெயர் இப்போது கிடைக்குமானால் முகவரியைத் தந்து மாட்யூலின் எண்ணிக்கையை உயர்த்தும். இல்லையேல் எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டரைத் தரும். இந்த வழி எங்கே இட்டுச்செல்லும் என்பதற்கு நல்ல சான்று இன்டெல்லின் ஹாஸ்வெல் செயலிகளுக்கான ஆடியோ டிரைவர். அச்செயலிகளில் எச்டிஎம்ஐ ஒலிக்கான ஆடியோ கட்டுப்படுத்தி தனியொரு பிசிஐ சாதனம். ஆனால் அதற்கு மின்சாரம் தரும் பவர் வெல், ஐ915 கிராஃபிக்ஸ் டிரைவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2013இல் எழுதப்பட்ட முதல் தீர்வு, ஐ915இன் செயற்கூற்றைச் சிம்பல் வழியாகத் தேடிப் பிடித்து அழைப்பதாக இருந்தது. மாட்யூல் ஏறிவிட்டதா என்பதை அது சொல்லும். ஐ915 தன் சாதனத்தைத் தயார்செய்து முடித்துவிட்டதா என்பதைச் சொல்லாது. 2015இல் அது கம்போனன்ட் முறைக்கு மாற்றப்பட்டது: இரு தரப்பும் தம்மைப் பதிவுசெய்கின்றன, இரண்டும் தயாரான பின்னரே பைண்ட் அழைக்கப்படுகிறது, ஒன்று விலகினால் மற்றதற்கு அன்பைண்ட் அழைப்பு வருகிறது, மின்சாரத்தைக் கேட்டுப் பெறுவதும் திருப்பித் தருவதும் இடையிலுள்ள செயற்கூற்றுப் பட்டியலின் வழியாக நடக்கின்றன. 2023 முதல் சிம்பல்_கெட், ஜிபிஎல் வகையாகத் திறக்கப்பட்ட பெயர்களுக்கு மட்டுமே வேலைசெய்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், புதிய நிரலில் அதைத் தொடுவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு குறுக்கு வழிகளைச் சுருக்கமாகவே ஒதுக்கிவிடலாம். திறக்கப்படாத பெயரின் முகவரியை, கெர்னலின் பெயர்ப் பட்டியலான கால்சிம்ஸ் வழியாகத் தேடுவது முதலாவது. 2020இல் வெளிவந்த 5.7 பதிப்பில் அத்தேடல் செயற்கூறு மாட்யூல்களுக்கு மூடப்பட்டது. ஓடும் கெர்னலை இடைமறித்துப் பார்க்கும் கேபுரோப் கொண்டு அதைச் சுற்றிச் செல்லும் உத்திகள் உலவுகின்றன, ஆனால் அவற்றைப் பொருளொன்றில் வைத்து விற்பது வேறு விஷயம். மற்றொரு டிரைவரின் சாதனக் கோப்பைக் கெர்னலுக்குள்ளிருந்தே திறந்து ஐயோக்டில் என்னும் கட்டுப்பாட்டு அழைப்பை அனுப்புவது இரண்டாவது. அந்த அழைப்புகள் பயனர் நினைவகத்தை எதிர்பார்ப்பவை. கெர்னல் முகவரியைப் பயனர் முகவரிபோல் காட்ட உதவிய செட்_எஃப்எஸ் ஏற்பாடு 2022இல் 5.18 பதிப்போடு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது.

எஞ்சியிருப்பவற்றில் மிக முக்கியமானது, இரு டிரைவர்களுக்கும் நடுவே ஏற்கெனவே உள்ள ஒரு துணையமைப்பின் வழியாகப் பேசுவது. மின்னழுத்தம் வேண்டுமானால் ரெகுலேட்டர், கடிகாரத் துடிப்பு வேண்டுமானால் கிளாக், சிப்பின் ஊசி (பின்) வேண்டுமானால் ஜிபிஐஓ, அளவீடு வேண்டுமானால் ஐஐஓ என்று கெர்னலில் பல அடுக்குகள் இருக்கின்றன. வழங்குபவர் தன் செயற்கூறுகளை அடுக்கிடம் பதிவுசெய்கிறார்; பெறுபவர், பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் எழுதப்பட்ட குறிப்பின் வழியாக அடுக்கிடம் கேட்கிறார்; ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வழங்குபவர் இன்னும் வரவில்லையென்றால், பல அடுக்குகள் 517 என்ற எண்ணுடைய புரோப் டிஃபர் பிழையைத் திருப்பித் தருகின்றன; பெறுபவர் அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டால் கெர்னல் பின்னர் மீண்டும் முயலும். 2012இல் 3.4 பதிப்பில் வந்த இந்த எளிய ஏற்பாடு, அதற்கு முன் டிரைவர்கள் தொடங்கும் இனிட் வரிசைகளை மாற்றிமாற்றி எழுதிச் சமாளித்த பெருந்தொல்லையைத் தீர்த்தது.

ஆனால் துணையமைப்பு என்று சொன்னதும் சாதனம் மறையும் கேள்வி தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அடுக்குக்கு அடுக்கு விடை மாறுகிறது. கிளாக் அடுக்கில் வழங்குபவர் விலகினால், அவருடைய செயற்கூற்றுப் பட்டியலின் இடத்தில் பிழையை மட்டுமே திருப்பித் தரும் வெற்றுப் பட்டியல் ஒன்று வைக்கப்படுகிறது. ஐஐஓ அடுக்கில் ஒவ்வொரு வாசிப்பும் ஒரு பூட்டுக்குள், சாதனம் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே நடக்கிறது. இல்லையென்றால் சாதனம் இல்லை என்ற பிழை வரும். ஜிபிஐஓ அடுக்கு இவ்விஷயத்தில் நெடுங்காலம் தளர்வாக இருந்து, 2024இல் வெளிவந்த 6.9 பதிப்பில்தான் எஸ்ஆர்சியு என்னும் ஒத்திசைவு முறை கொண்டு ஒழுங்குபடுத்தப்பட்டது.

நம் எடுத்துக்காட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் பவர் சப்ளை அடுக்கோ இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. பெயரைக் கொண்டு ஃப்யூல் கேஜைத் தேடி எடுத்து, வெப்பநிலை என்ற பண்பைக் கேட்டு, வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். எடுத்தவர் விடாமல் வைத்திருக்கும்போது ஃப்யூல் கேஜ் டிரைவர் தன் பதிவை நீக்கினால், அடுக்கு அந்த நீக்கத்தைத் தடுப்பதில்லை. கெர்னல் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு மேலே செல்கிறது. பயன்பாட்டு எண்ணிக்கை சுழியத்திற்கு இறங்கியிருந்தால்தான் வாசிப்புக்குப் பிழை கிடைக்கும். இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை இறங்காமலேயே இருக்கும். அதாவது, காவல் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது இல்லாமல் போகிறது.

இந்த இடைவெளியை அடைப்பதற்கு உள்ளதுதான், 2017இல் 4.10 பதிப்பில் வந்த டிவைஸ் லிங்க். சார்ஜர் பெறுபவர், ஃப்யூல் கேஜ் வழங்குபவர் என்று இரு சாதனங்களையும் இணைத்துவிட்டால், வழங்குபவர் பிரிக்கப்படும் முன்னர் பெறுபவரை டிரைவர் மையமே பிரித்துவிடும். உறக்க வரிசையும் இதன்படியே அமையும்: சார்ஜர் முதலில் உறங்கும், ஃப்யூல் கேஜ் முதலில் விழிக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று: இணைக்க வேண்டியது பவர் சப்ளை வகுப்புச் சாதனத்தை அன்று, அதன் தாயான ஐ2சி சாதனத்தை, டிரைவர் பிணைந்திருப்பது அதனோடுதான். எதிர்த்திசையில் ஏற்கெனவே ஒரு சார்பு இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். அதைக் குறையாகக் கொள்ளாமல், வடிவமைப்பு சுழல்கிறது என்ற முன்னறிவிப்பாகவே கொள்ள வேண்டும். டிவைஸ் ட்ரீயில் ஐஐஓ சானல் குறிப்பாக எழுதப்பட்ட சார்புகளுக்கு இவ்விணைப்பை எஃப்டபிள்யூ_டெவ்லிங்க் வசதி தானே உருவாக்கிவிடும் என்பதால், அங்கு கையால் எழுத வேண்டியதும் குறைவு.

ஃப்யூல் கேஜ் தன் வெப்பநிலையை ஐஐஓ சானலாக வழங்குமானால் அதையே தேர்ந்தெடுப்பேன். வாசிப்பின்போது காவலும் இருக்கிறது, தானாக அமையும் இணைப்பும் இருக்கிறது. ஆனால் மேக்ஸ்17042 போன்ற பரவலான ஃப்யூல் கேஜ் டிரைவர்கள் பவர் சப்ளை பண்பாகவே வெப்பநிலையைத் தருகின்றன. அதைப் பயன்படுத்துவோர் அலகைக் கவனிக்க வேண்டும்: பவர் சப்ளை அடுக்கில் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி அலகில் வருகிறது, ஐஐஓவில் ஆயிரத்தில் ஒரு டிகிரி அலகில். 45 டிகிரி என்பது முதலாவதில் 450, இரண்டாவதில் 45000. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இந்த எண் மாறாமல் விடப்பட்டால் கம்பைலர் எதுவும் சொல்லாது, பேட்டரி சொல்லும்.

பொருந்தும் அடுக்கே இல்லாத நிலை எப்போதாவது வரும். அப்போது சிறிய நடுமாட்யூல் ஒன்றை எழுதி, செயற்கூற்றுப் பாயின்டர்களின் பட்டியலை வழங்குபவர் அதில் பதிவுசெய்யவும், பெறுபவர் அதனிடம் கேட்கவும் செய்யலாம். இரு மாட்யூல்களும் நடுமாட்யூலை மட்டுமே சார்ந்திருப்பதால் சுழற்சிச் சிக்கல் வராது. பதிவை நீக்கும் செயற்கூறு, நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் அனைத்தும் முடியும்வரை காத்திருந்துதான் திரும்ப வேண்டும். இத்தகைய நடுமாட்யூல்களில் மறக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். விண்டோஸ் தன் டிரைவர்களுக்கு இதையே முறைப்படுத்தி வைத்திருக்கிறது: ஒரு டிரைவர் குவெரி இன்டர்ஃபேஸ் என்ற கோரிக்கையை அனுப்பினால், மறுமுனை செயற்கூற்றுப் பாயின்டர்களோடு, எண்ணிக்கையை ஏற்றவும் இறக்கவும் இரண்டு செயற்கூறுகளைச் சேர்த்தே திருப்பித் தருகிறது. எடுப்பதும் விடுவதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டுவிடுவதால், மறந்தவர் மறந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

நோட்டிஃபையர் சங்கிலியை இதற்கு மாற்றாகச் சிலர் முன்வைப்பதுண்டு. வெப்பநிலை மாறியபோது ஃப்யூல் கேஜ் அறிவிக்க, கேட்க விரும்புவோர் கேட்டுக்கொள்ளலாம். நிகழ்வைப் பரப்ப அது நல்லது; கேள்வி கேட்டு விடை பெறுவதற்குப் பொருந்தாது. சார்ஜர் தொடங்கும்போது தற்போதைய வெப்பநிலை என்ன என்று அறிய அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க முடியாது.

ஒரே சிப்புக்குள் பல வேலைகள் இருக்கும்போது கேள்வியின் வடிவமே மாறுகிறது. சார்ஜரும் ஃப்யூல் கேஜும் ஒரே சிப்பின் பகுதிகளாக இருந்தால், பல்பணி சிப்களுக்கான எம்எஃப்டி முறையில் தாய் டிரைவர் ஒன்று, பதிவகங்களை அணுக உதவும் ரெக்மேப்பை உருவாக்கி, பகுதிகள் தாயிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ளும். பகுதிகள் ஒன்றையொன்று அழைக்காமல் பதிவகங்களைப் பகிர்ந்துகொள்ளும். பிசிஐ அட்டைகளில் இதே பங்கை 2021இல் 5.11 பதிப்போடு வந்த ஆக்ஸிலியரி பஸ் வகிக்கிறது. இன்டெல்லின் ஐஸ் ஈதர்நெட் டிரைவர் தனக்குக் கீழே ஒரு துணைச் சாதனத்தை உருவாக்க, ஐஆர்டிஎம்ஏ டிரைவர் அதனோடு பிணைகிறது. மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 டிரைவரும் இவ்வாறே பிரிந்திருக்கிறது. துணை டிரைவர் தாயின் திறந்த செயற்கூறுகளை இங்கும் நேரடியாக அழைக்கலாம். ஆனால் துணைச் சாதனம் தாயின் பிள்ளை என்பதால், தாய் விலகும்போது பிள்ளை முதலில் நீக்கப்படுகிறது. நேரடி எக்ஸ்போர்ட்டில் விடுபட்டிருந்த ஆயுட்கால உறவை டிரைவர் மையமே காக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தீராத ஒன்று, எந்தச் சூழலிலிருந்து அழைக்கிறோம் என்பது. ஐ2சி வழியாக வெப்பநிலையைப் படிப்பது உறங்கக்கூடிய வேலை; அதை ஹார்டு இன்டரப்ட் கையாளியிலிருந்தோ உறங்க இடம் தராத பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டோ செய்யக் கூடாது. சார்ஜரின் இன்டரப்ட், உறங்க இடமுள்ள த்ரெட் வகையாக இருந்தாக வேண்டும். சார்ஜர் தன் பூட்டான மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு ஃப்யூல் கேஜை அழைப்பதும், ஃப்யூல் கேஜ் தன் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு சார்ஜரை அழைப்பதும் சேர்ந்தால் முட்டுக்கட்டை உறுதி. பவர் சப்ளை அடுக்கு மாற்ற அறிவிப்பை, வேலைகளைப் பிறகு இயக்கும் பொதுவான வொர்க்கியூவில் இயக்குவதால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி குறைகிறது. நேரடி எக்ஸ்போர்ட்டில் அப்படி யாரும் நமக்காக யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். எப்படியாயினும், பூட்டு வரிசையைச் சோதிக்கும் லாக்டெப்பை இயக்கிய கெர்னலில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

ஆகவே நம் பலகைக்கு என் தேர்வு இது: பவர் சப்ளை அடுக்கின் வழியாக வெப்பநிலையைக் கேட்பது, புரோப்பில் ஃப்யூல் கேஜ் கிடைக்காவிட்டால் புரோப் டிஃபரைத் திருப்பி அனுப்புவது, கிடைத்ததும் அதன் ஐ2சி சாதனத்தோடு, பெறுபவர் விலகும்போது தானே நீங்கும் வகையான டிவைஸ் லிங்க்கை ஏற்படுத்துவது, வாசிப்பு பிழையில் முடிந்தால் பழைய வெப்பநிலையை நம்பாமல் மின்னோட்டத்தைக் குறைந்த அளவுக்கு இறக்குவது. நேரடி எக்ஸ்போர்ட்டைவிட இதில் நிரல் வரிகள் சற்றுக் கூடுதல். நாளை ஃப்யூல் கேஜ் சிப்பை வேறொரு நிறுவனத்தின் சிப்பாக மாற்றினால், சார்ஜர் டிரைவரில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. தேடும் பெயரை டிவைஸ் ட்ரீயிலிருந்து எடுத்திருந்தால் அங்கே மட்டும் மாற்றினால் போதும்.

சோதிக்கும்போது, பேட்டரி ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் ஃப்யூல் கேஜை சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட் செய்ய வேண்டும். சார்ஜர் டிரைவரின் ரிமூவ் செயற்கூறு முதலில் ஓடி, மின்னேற்றத்தைப் பாதுகாப்பான நிலையில் விட்டுவிட்டு விலகுகிறதா, அதன் பிறகே ஃப்யூல் கேஜ் பிரிகிறதா, கெர்னல் பதிவேட்டில் பயன்பாட்டு எண்ணிக்கை பற்றிய எச்சரிக்கை வராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஃப்யூல் கேஜையும் அதன்பின் சார்ஜரையும் மீண்டும் பிணைத்தால் இரண்டும் முன்போல் இயங்க வேண்டும். இதே சோதனையை, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கேசன் இயக்கிய கெர்னலில், வாசிப்பு இடைவிடாது நடந்துகொண்டிருக்கும்போதும் ஒருமுறை செய்வது நல்லது.